யாருக்கு உகந்த வணிகச் சூழல்? கானா நாட்டு வரலாற்றிலிருந்து சில குறிப்புக்கள்

கானா நாட்டின் தலைநகராகிய அக்ராவிலே, ஏமாற்று வேலையைக் குறிப்பதற்கு 'அவாம்' என்றொரு சொல் வழங்குகிறது. போலிச் சரக்கு, கள்ளக் கணக்கு, காற்றில் விட்ட வாக்குறுதி ஆகிய யாவும் அவாம்தான். தமிழ் பயின்றவர்களாகிய எமக்குச் சொற்களின் பிறப்பைத் துருவிப் பார்க்கும் பழக்கம் உண்டு. இச்சொல் அந்நாட்டின் எந்த மொழிக்கும் வேர்ச்சொல்லாக உரியதன்று. மேற்கு ஆபிரிக்க வணிகர் சங்கம் என்பதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்கள் நான்கும் சேர்ந்தே அச்சொல் ஆயிற்று என்பர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதன் பின்னரும் இறக்குமதிப் பண்டங்களைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட ஐரோப்பியக் கம்பனிகளின் கூட்டு அது. கம்பனிகள் போய்விட்டன. சங்கம் கலைந்தது. பெயர் மட்டும் மக்கள் நாவில் வசைச்சொல்லாக வாழ்கிறது.

ஒரு நாட்டின் வணிகச் சூழலை மதிப்பிடப் புறப்படுவோர் இத்தகைய சொற்களைப் பொருட்படுத்துவதில்லை. கம்பனியொன்றைப் பதிவு செய்ய எத்தனை நாள், துறைமுகத்திலிருந்து சரக்கை மீட்க எத்தனை பத்திரம், வரி எத்தனை வீதம், வழக்கு முடிய எத்தனை மாதம் என்றே அவர்கள் கேட்பர். உலக வங்கி 2003ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்டு வந்த தரவரிசை அறிக்கை இவ்வகையைச் சேர்ந்தது. அதன் 2020ஆம் ஆண்டு வெளியீட்டில் 190 நாடுகளுள் கானாவுக்கு 118ஆம் இடம் கிடைத்தது. எமது பாடசாலையில் வணிகக் கல்வி பயிலும் மாணவர் சிலர் இவ்வெண்ணை மனனஞ் செய்து வந்து, அப்படியாயின் கானா வணிகத்துக்கு ஆகாத நாடா என எம்மை வினவினர். யாருடைய வணிகத்துக்கு என்று திருப்பிக் கேட்டோம். அதற்குள் மணி அடித்துவிட்டது. அன்று சொல்ல இயலாது போனவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

வெளிநாட்டு வணிகம் கானாவுக்குப் புதிதன்று. 1482இல் போர்த்துக்கேயர் அக்கரையிலுள்ள எல்மினாவிற் கோட்டை கட்டினர். 1637இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இருபத்தோராண்டு கழித்து யாழ்ப்பாணக் கோட்டை கைமாறியதும் இவ்விரு சாதியாரிடையேதான். பொன் வாங்க வந்தோர் பின்னர் மனிதரை வாங்கலாயினர். மேற்கு ஆபிரிக்கக் கரையில் அவ்வணிகத்திற்குப் பணமாக உதவிய பொருள்களுள் ஒன்று சோழி. மாலைதீவுக் கடலில் எடுத்த சோழிகள் ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைத் துறைகளிற் குவிக்கப்பட்டு, கப்பல்களின் அடித்தட்டிற் பாரமாக இடப்பட்டு ஐரோப்பாவை அடைந்து, ஆங்கிருந்து ஆபிரிக்கா சென்றன. இன்றைய கானாவின் நாணயத்துக்குச் 'சீடி' என்று பெயர். அதுவும் அக்கன் மொழியிற் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. எம் துறைகளைக் கடந்து சென்ற சோழி அங்கே ஒரு மனிதனின் விலையாயிற்று என்பதை நினைக்கும்போது, அந்நாடு எமக்குத் தொலைவில் உள்ளதாகத் தோன்றுவதில்லை. அக்காலத்தில் எவரேனும் வணிகச் சூழலைத் தரப்படுத்தியிருந்தால் எல்மினா முதலிடம் பெற்றிருக்கும். காவலுள்ள துறை, தட்டில்லாத வழங்கல், வழக்காட வாயில்லாத சரக்கு, வேறென்ன வேண்டும்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலை மாறியது. 1879இல், பெர்ணாண்டோ போ தீவில் வேலை செய்து திரும்பிய தெத்தே குவாஷி என்னும் கொல்லர் கொக்கோ விதைகளைக் கொண்டுவந்து அக்குவாப்பிம் மலைப்பகுதியில் நட்டார் என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் அனைவரும் படிக்கும் செய்தி. 1911 அளவில், அன்று பொற்கரை எனப்பட்ட அந்நாடு உலகின் முதன்மையான கொக்கோ ஏற்றுமதி நாடாகிவிட்டது. இவ்வளர்ச்சி எவராலே ஏற்பட்டது என்பதே நோக்கற்பாலது. பொலி ஹில் என்னும் ஆய்வாளர் 1963இல் வெளியிட்ட நூலிலே, இதனைச் செய்தவர்கள் தம் ஊரை விட்டு மேற்கு நோக்கிப் பெயர்ந்து, கூட்டாகப் பணம் சேர்த்து, காட்டு நிலத்தை விலைக்கு வாங்கிப் பயிரிட்ட ஆபிரிக்க விவசாயிகளே என்பதை ஊர் ஊராகச் சென்று தேடி நிறுவினார். வெள்ளைக்காரத் துரைகளின் தோட்டங்களும் கூலி லயங்களும் அங்கே கொக்கோவை வளர்க்கவில்லை. தேயிலைத் தோட்டங்களைக் கண்டு பழகிய எமக்கு இது வியப்பளிக்கும் செய்தியாகும்.

அவ்வாறாயின் சுரண்டல் எங்கே நிகழ்ந்தது? மண் ஆபிரிக்கனுடையது, மரமும் அவனுடையது. காயைப் பிளந்து, விதையைப் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, சாக்கிலிட்டுக் கட்டும்வரை எல்லாம் அவன் கையில். சாக்கு வீட்டு வாசலைத் தாண்டியதும் அனைத்தும் பிறர் கை. வாங்குபவன் வெளிநாட்டுக் கம்பனியின் தரகன். ஏற்றிச் செல்வது 1903இற் கூமாசியை எட்டிய புகையிரதப் பாதை. அப்பாதையும் முதலிற் பொற்சுரங்கங்களுக்காகவே போடப்பட்டது. விலை இலண்டனிலும் நியூயோர்க்கிலும் குறிக்கப்படும். நாணயமோ, 1912இல் அமைக்கப்பட்ட மேற்கு ஆபிரிக்க நாணயச் சபையுடையது. அதன் இருப்பு இலண்டனில் இருந்தது. கொக்கோ விற்ற காசைக் கொண்டு விவசாயி துணியோ மண்ணெண்ணெயோ வாங்கச் சென்றால் அக்கடையும் கொக்கோ வாங்கிய அதே கம்பனியுடையதாயிருக்கும். நிலத்தைப் பறிக்காமலே உழைப்பைப் பறிக்கும் வழி இது. 1929இல் யுனைற்றெட் ஆபிரிக்கா கம்பனி தோன்றியது. யூனிலீவர் குழுமத்தைச் சேர்ந்த இக்கம்பனி, வாங்கும் கை, விற்கும் கை ஆகிய இரண்டிலும் ஏனைய அனைவரையும் விஞ்சி நின்றது.

1937இல் இக்கம்பனியும் கட்பரி முதலாகிய ஏனைய பெருங் கம்பனிகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. கொக்கோவுக்குத் தம்முட் போட்டியிட்டு விலையை உயர்த்துவதில்லை என்பதும், வாங்கும் அளவைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்வது என்பதும் அதன் சாரம். தடையற்ற போட்டியின் பெருமையை உலகுக்குப் போதித்தவர்கள் செய்த காரியம் இது. செய்தி கசிந்தது. விவசாயிகள் கொக்கோவை விற்பதில்லை என உறுதி பூண்டனர். தலைவர்கள் ஊர்தோறும் மணியடித்து விற்பனைத் தடையை அறிவித்தனர். ஆட்சியாளருக்கு வேண்டியவர்களாகக் கருதப்பட்டு வந்த மரபுவழித் தலைவர்களும் இம்முறை விவசாயிகளின் பக்கம் நின்றனர். கொக்கோ விற்பனை நின்றதோடு ஐரோப்பியக் கடைகளின் பண்டங்களும் பகிஷ்கரிக்கப்பட்டன. கடைகள் ஈயாடின. அறுவடைக் காலத்தின் பெரும்பகுதி, 1938 ஏப்பிரில் வரை, இவ்வாறே கழிந்தது.

இதனை ஒரு விலைத் தகராறு என்று மட்டும் கருதுவது தவறு. கொக்கோ விவசாயிகளுட் கடன்பட்டவரும் கடன் கொடுத்தவரும் இருந்தனர். பெரு நிலக்காரரும், அவர்களிடம் பங்குக்கு உழைத்த வடபகுதி வேலையாட்களும் இருந்தனர். விற்பனையை ஆறு மாதம் நிறுத்தி வைத்தல் செல்வனுக்கு எளிது; நாளாந்தம் உழைப்பவனுக்கு அரிது. இவ்வேறுபாடுகளையெல்லாம் மேவி அந்தப் பகிஷ்காரம் நின்று பிடித்தது. பிரித்தானிய அரசு நோவெல் என்பவரின் தலைமையில் விசாரணைக் குழுவொன்றை அனுப்பவேண்டி வந்தது. கம்பனிகளின் உடன்படிக்கை கைவிடப்பட வேண்டும் என்றும், விவசாயிகள் கூடி விற்பதற்கு ஓர் அமைப்பு வேண்டும் என்றும் 1938இல் அக்குழு கூறியது. குடியேற்ற அரசு அமைத்த குழுவொன்று கம்பனிகளுக்கு எதிராக இவ்வளவு சொன்னதே பெரிது.

ஆனால் போர் வந்தது. அரசே கொக்கோ முழுவதையும் நிர்ணய விலைக்கு வாங்கத் தொடங்கியது. அரசுக்காக வாங்கிக் கொடுத்த முகவர் எவர்? அதே கம்பனிகள்தாம். போருக்கு முன் அவை வாங்கிய அளவைக் கொண்டே அவற்றின் பங்கும் வகுக்கப்பட்டது. உடன்படிக்கையாற் பெறமுடியாததைச் சட்டத்தாற் பெற்றன எனலாம்.

போர் முடிந்த பின்னும் துணிமணிகள் தட்டுப்பாடாகவே இருந்தன. வேண்டிய ஒரு பொருளை வாங்குவதற்கு வேண்டாத இன்னொன்றையும் சேர்த்து வாங்குமாறு சந்தைப் பெண்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1948 ஜனவரியில், நீ குவாபெனா பொன்னே என்னும் கா இனத் தலைவர், விலைகள் குறைக்கப்படும்வரை இறக்குமதிப் பண்டங்களைப் பகிஷ்கரிக்குமாறு மக்களை அழைத்தார். ஒரு மாதத்துக்கு மேலாகக் கடைகள் வெறிச்சோடின. பெப்ரவரி 28இற் பகிஷ்காரம் முடிவுக்கு வந்தது. வாக்களித்தவாறு விலை குறையவில்லை என்று மக்கள் கொதித்தனர். அதே நாளிற்றான், போரிற் பிரித்தானியாவுக்காகப் போராடித் திரும்பிய முன்னாட் போர்வீரர்கள் தமது குறைகளை முறையிடத் தேசாதிபதியின் மாளிகையை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். பொலிஸ் அதிகாரியின் துப்பாக்கிக்கு மூவர் பலியாயினர். அட்ஜெத்தே, அத்திப்போ, ஒடார்த்தே லாம்ப்த்தே என்பன அவர்கள்தம் பெயர்கள். அன்று மாலையே அக்ராவில் யுனைற்றெட் ஆபிரிக்கா கம்பனியின் கடை உட்படப் பல கடைகள் தீக்கிரையாயின. கானாவின் விடுதலைக்கு நாட்குறிப்போர் அந்நாளிலிருந்தே தொடங்குவர். துணியின் விலையிலே தொடங்கிய கிளர்ச்சி ஒன்பது ஆண்டுகளில், 1957 மார்ச் 6இல், ஒரு புதிய கொடியில் வந்து முடிந்தது.

இதுவரை கூறியவை எம்மவர் கேட்டு மகிழத்தக்கன. இனிக் கூறுவது அத்துணை இனியதன்று.

1947இல் கொக்கோ விற்பனைச் சபை அமைந்தது. உலக விலை ஏறும்போது ஒரு பகுதியைச் சேமித்து, இறங்கும்போது விவசாயிக்குக் கைகொடுப்பதே அதன் நோக்கம் எனப்பட்டது. சேமிப்பு இலண்டனில் வைக்கப்பட்டது. அப்பணம் போரால் நலிந்த பிரித்தானியாவின் பவுண் நாணயத்துக்கு முண்டுகொடுத்தது. நிக்ரூமாவின் அரசு உள்நாட்டு அதிகாரத்தை ஏற்றபின்னும் இம்முறை மாறவில்லை. 1954இல், 60 இறாத்தல் கொண்ட சுமையொன்றுக்கு விவசாயி பெறும் விலை 72 சிலிங் எனச் சட்டத்தாற் கட்டப்பட்டது. ஒரு தொன்னுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 134 பவுண். உலகச் சந்தையில் அதன் விலை இதனிலும் இருமடங்குக்கு மேல் இருந்த ஆண்டு அது. அவ்வாண்டிலேயே கூமாசியில் நிக்ரூமாவுக்கு எதிரான இயக்கம் எழுந்தது. அதனைப் பழைமைவாதிகளின் சதியென்று கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. அதன் தலைமையைப் பற்றி அவ்வாறு கூறுவதில் உண்மையும் உண்டு. எனினும் விவசாயியின் மனக்குறையைப் பழைமைவாதிகள் உண்டாக்கவில்லை. பீற்றர் பவர் என்னும் பொருளியலாளர் இச்சபைகள் விவசாயியின் வருவாயைப் பறிக்கின்றன என 1954இலேயே எழுதினார். அவர் எம் அணியைச் சேர்ந்தவரல்லர். தடையற்ற சந்தையின் வழக்கறிஞர். ஆனால் அவருடைய கணக்கு பிழையன்று.

அப்பணத்திற் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் வீதிகளும் தெமாத் துறைமுகமும் எழுந்தன என்பதையும் கூறுதல் வேண்டும். கம்பனியின் பங்குதாரனிடம் போயிருக்கக்கூடிய பணம் பிள்ளைகளின் கல்விக்குப் போயிற்று. இது சிறிய வேறுபாடன்று. எனினும் விவசாயியைக் கேட்டுச் செய்தார்களா? 1937இற் கம்பனிகளை எதிர்த்து நின்றவனுக்கு, தன் அரசு விலை குறிக்கும் சபையிலே தன் குரல் எங்கேயென்று கேட்கும் உரிமை இருந்தது.

வொல்ற்றா நதித் திட்டத்தின் கதை வேறு வகையானது. கொக்கோவொன்றையே நம்பியிருக்கும் நிலையை மாற்றக் கைத்தொழில் வேண்டும், அதற்கு மின்வலு வேண்டும் என்பது நிக்ரூமாவின் எண்ணம். 1966 ஜனவரியில் அக்கொசொம்போ அணை திறந்து வைக்கப்பட்டது. நீர்த்தேக்கத்தில் ஊர்கள் பல மூழ்கின. ஏறத்தாழ 80,000 மக்கள் இடம்பெயர்ந்தனர். மின்சாரத்தின் பெரும்பகுதியை வாங்க உடன்பட்டது கய்சர், றெய்னோல்ட்ஸ் என்னும் இரு அமெரிக்க நிறுவனங்களின் அலுமினியக் கம்பனி. ஓர் அலகுக்கு அது கொடுக்க ஒப்பிய விலை அமெரிக்கச் சதமொன்றின் நாலிலொரு பங்கிற்குச் சற்றே மேல். கானாவின் மண்ணில் அலுமினியத்துக்கான கனியம் உண்டு. அது தோண்டியெடுத்து ஏற்றுமதி செய்யப்பட்டது. தெமாவிலிருந்த உருக்காலையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த அலுமினாவை உருக்கியது. நாட்டின் ஆற்றையும் மலிந்த மின்வலுவையும் மட்டும் கம்பனி பயன்படுத்திக்கொண்டது. அவ்வுடன்படிக்கையைத் திருத்த 1985 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணை திறந்து ஒரு மாதம் கழித்து, 1966 பெப்ரவரி 24இல், நிக்ரூமா கவிழ்க்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டிற் கொக்கோவின் உலக விலை வீழ்ந்து கிடந்தது.

அடுத்த பதினேழு ஆண்டுகளை விரைந்து கடப்போம். ஆட்சிகள் மாறின. 1969இற் புசியா அரசு, தங்குவதற்கான பத்திரமில்லாத பிறநாட்டார் இரு வாரங்களில் வெளியேற வேண்டுமென ஆணையிட்டது. நைஜீரியச் சிறு வணிகரும் கொக்கோத் தோட்டத் தொழிலாளரும் பெருந்தொகையாகத் துரத்தப்பட்டனர். பெருங் கம்பனிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. 1972இல் அச்சம்பொங் என்னும் படைத்தலைவர் வெளிநாட்டுக் கடன்களிற் சிலவற்றைக் கொடுக்கமாட்டோம் என்று அறிவித்துக் கைதட்டல் பெற்றார். அவருடைய ஆட்சியிலேதான் 'கலபூலே' என்னும் சொல் பரவியது. பதுக்கலும் கொள்ளை விலையும் உரிமப்பத்திர ஊழலும் அதன் பொருள். இலாபம் பெற்றோர் அதிகாரத்துக்கு அண்மையில் இருந்தோர். தண்டனை பெற்றோர் சந்தைப் பெண்கள். 1979 ஓகஸ்டில் அக்ராவின் மக்கோலாச் சந்தையைப் படையினர் தகர்த்தெறிந்தனர். புரட்சியின் பெயராற் செய்யப்பட்ட இச்செயலை எவ்விதத்திலும் நியாயப்படுத்த எம்மால் இயலவில்லை. 1948இற் கம்பனிகளின் கட்டாய விற்பனைக்கு ஆளான பெண்களின் மகளிரும் பேத்தியருமே அங்கே கடை விரித்திருந்தோர்.

1983இல் வரட்சி, காட்டுத்தீ, நைஜீரியாவிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் ஆகிய எல்லாம் ஒருங்கே வந்தன. 1960களின் நடுவில் 5 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த கொக்கோ விளைச்சல் 2 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. புரட்சி பேசிய றோலிங்ஸ் சர்வதேச நாணய நிதியத்தின் வாயிலிற் போய் நின்றார். நாணயத்தின் பெறுமதி இறக்கப்பட்டது. அரச நிறுவனங்கள் விற்கப்பட்டன. உலக வங்கி அந்நாட்டை நல்ல மாணாக்கன் என்று தட்டிக்கொடுத்தது. விவசாயி பெறும் கொக்கோ விலை உயர்ந்தது என்பதும் உண்மை. பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் கட்டணம் அறவிடப்பட்டது என்பதும் உண்மை.

இன்று கானாவிற் கடை திறக்க விரும்பும் வெளிநாட்டாரிடம் எடுத்துக்காட்டப்படுவது 2013ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம். வாங்கி விற்கும் தொழிலுக்கு வரும் பிறநாட்டார் குறைந்தது 10 இலட்சம் டொலர் முதலிட்டு, கானா நாட்டவர் 20 பேரை வேலைக்கமர்த்த வேண்டும் என அச்சட்டம் விதித்தது. சந்தையிற் சில்லறை விற்றலும் தெரு வணிகமும் சிகையலங்காரமும் கானா நாட்டவருக்கே ஒதுக்கப்பட்டன. நோக்கம் நன்று. ஆயினும் பெருங் கம்பனிக்குப் பத்து இலட்சம் ஒரு தடையாகுமா? 2019இலும் 2020இலும் பூட்டப்பட்டவை நைஜீரியச் சிறு வணிகரின் கடைகள். ஆபிரிக்கக் கண்டம் முழுவதையும் ஒரே சந்தையாக்கும் உடன்படிக்கையின் செயலகம் அதே 2020இல் அதே அக்ராவிலே திறக்கப்பட்டது.

தரவரிசையைப் பற்றியும் ஒரு சொல். சில நாடுகளின் தரவுகளில் முறைகேடு நிகழ்ந்தமை வெளிப்பட்டதால் 2021 செப்டெம்பரில் உலக வங்கியே தன் அறிக்கையை நிறுத்திவிட்டது. 118 என்ற எண்ணைத் தந்தவர்களே அதனைக் கைவிட்டுவிட்டனர். எம் மாணவரோ இன்னும் மனனஞ் செய்கின்றனர்.

2022 டிசெம்பரிற் கானா தன் வெளிநாட்டுக் கடன்களிற் பெரும்பகுதியைச் செலுத்துவதை நிறுத்தியது. அம்மாதத்திற் பணவீக்கம் 54 வீதம். எமது நாடு அதே முடிவை எட்டு மாதம் முன்னர், ஏப்பிரிலில், அறிவித்திருந்தது. 2023 மார்ச்சில் இலங்கைக்கும் மே மாதத்திற் கானாவுக்கும் நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனை அனுமதித்தது. இரு நாடுகளுக்கும் அது நிதியத்துடனான 17ஆவது ஏற்பாடு. தேயிலையும் கொக்கோவும் விற்று வாழ்ந்த இரு நாடுகள், வெவ்வேறு வழியால் நடந்து ஒரே வாயிலிற் பதினேழாவது தடவையாகச் சந்தித்துக்கொண்டன.

2024 டிசெம்பரில் நியூயோர்க் சந்தையிற் கொக்கோவின் விலை தொன்னுக்கு 12,000 டொலரைத் தாண்டியது. வரலாற்றிற் காணாத விலை. அப்பருவத்திற் கானாவின் விவசாயிக்கு அரசு குறித்த விலை தொன்னுக்கு 48,000 சீடி. அன்றைய மாற்று வீதத்தில் ஏறத்தாழ 3,000 டொலர். சபை தன் கொக்கோவை முன்கூட்டியே, விலை ஏறுமுன், விற்றுவிட்டிருந்தது. மரங்களை நோய் தின்றது; விளைச்சல் குறைந்தது. பொன்னின் விலை ஏறியதால், கொக்கோ நிலத்தைப் பொன் தோண்டுவோருக்கு விற்றவர் பலர். அவ்வேலையை அங்கே 'கலம்சே' என்பர். சேர்த்து வந்து விற்றுவிடு என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சிதைவு அது. தோண்டிய குழிகளில் மஞ்சள் நீர் தேங்கி நிற்கிறது. நிலத்தை விற்க மனமில்லாதோர், இரவில் மூட்டைகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றி, நல்ல விலை கிடைக்கும் எல்லைக்கப்பாற் கொண்டுசென்றனர். ஒரு மூட்டை 64 கிலோ.